எடைக்கு மேல் ஒரு விலை: இடைக்காலப் பாரசீகத்தின் வெள்ளி இழைத்த பாத்திரங்கள்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய வாளி இருக்கிறது. உயரம் ஒரு சாண்கூட வராது. செம்புக் கலவையில் செய்து, உடல் முழுக்க வெள்ளியும் செம்பும் இழைத்தது. 1885இல் புகாராவில் விற்பனைக்கு வந்த இதை வாங்கியவர் போப்ரின்ஸ்கி என்ற ரஷ்யப் பிரபு. அவர் பெயராலேயே இன்றும் இது போப்ரின்ஸ்கி வாளி எனப்படுகிறது. எழுத்து வரிசையும் சித்திர வரிசையும் மாறி மாறி அதைச் சுற்றி ஓடுகின்றன: விருந்தில் அமர்ந்து குடிப்பவர்கள், இசைப்பவர்கள், பகடை ஆடுபவர்கள், குதிரை மீதேறி வேட்டைக்குப் போகிறவர்கள். சில வரிசைகளில் எழுத்துகளின் மேல்முனைகள் மனிதத் தலைகளாகவும் உடல்களாகவும் மாறியிருக்கின்றன. இவ்வாறு எழுத்துக்கு உயிர் கொடுக்கும் பாணிக்குக் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய சான்று இந்த வாளிதான்.

அதன் விளிம்பிலும் கைப்பிடியிலும் உள்ள வாசகம் இன்னும் முக்கியமானது. நான்கு பெயர்களை அது சொல்கிறது. செய்யச் சொன்னவர் அப்துர் ரஹ்மான் இப்னு அப்துல்லா அர்-ரஷீதி. உருக்கொடுத்தவர் முஹம்மது இப்னு அப்துல் வாஹித். அலங்கார வேலை செய்தவர் ஹெராத் நகரத்து மசூத் இப்னு அஹ்மத். உடைமையாளர் ஸன்ஜான் நகரத்தின் பெயரைத் தாங்கிய ரஷீதுத்தீன் அஸீஸி. காலம் ஹிஜ்ரி 559 முஹர்ரம் மாதம், அதாவது 1163 டிசம்பர். ரஷீதுத்தீனின் பெயருக்கு முன்னால் நீண்ட பட்டங்கள் வருகின்றன. வணிகர்களின் பெருமை என்கிறது ஒன்று, முஸ்லிம்களின் நம்பிக்கைக்குரியவர் என்கிறது மற்றொன்று, ஹஜ்ஜுக்கும் இரு புனித நகரங்களுக்கும் அணிகலன் என்கிறது இன்னொன்று. அரசரும் படைத்தலைவரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பெரிய வணிகருக்கு அவரைச் சார்ந்த ஒருவர் செய்வித்துக் கொடுத்த பரிசு இது என்றே வாசகத்திலிருந்து ஊகிக்க முடிகிறது.

நகைக்கடைக்குப் போய்வரும் நம்மில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: பொன்னின் எடைக்கு ஒரு விலை, செய்கூலிக்கு ஒரு விலை. பொன்னில் எடைதான் முதல், கூலி அதன் மேல் ஏறுவது. 12ஆம் நூற்றாண்டு ஹெராத்தின் பட்டறைகளில் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. பித்தளைக்குப் பெரிய மதிப்பில்லை. அதில் ஏறிய வெள்ளியோ மெல்லிய தகடும் கம்பியும். பாத்திரத்தை விலையுயர்ந்ததாக்கியது உளி பிடித்த கை. அந்த மாற்றம் எப்படி வந்தது, யாரால் நிலைத்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பட்டறைக்கு வந்த உலோகம்

இந்தக் கலையின் தாய்நிலம் குராசான். இன்றைய வரைபடத்தில் அது மூன்று நாடுகளில் கிடக்கிறது: நிஷாப்பூர் ஈரானில், ஹெராத் ஆப்கானிஸ்தானில், மெர்வ் துர்க்மெனிஸ்தானில். அன்று இவை பாரசீக மொழியும் ஒரே வணிகப் பாதையும் இணைத்த நகரங்கள்.

பாத்திரங்களுக்கான உலோகம் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அக்கால ஈரானியர் துத்தநாகத்தைத் தனி உலோகமாக உருக்கிப் பயன்படுத்தவில்லை. அதன் ஆக்சைடைக் கரியோடும் செம்போடும் மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றினார்கள். எழுந்த துத்தநாக ஆவியைச் செம்பு உறிஞ்சிப் பித்தளையாயிற்று. இந்த முறையில் பித்தளையில் ஏறும் துத்தநாகம் ஏறக்குறைய 28 சதவீதத்தைத் தாண்டாது. ஆக்சைடு கெர்மான் பகுதியிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே போன மார்க்கோ போலோ, கூபனான் என்ற ஊரில் அது தயாராவதை விவரிக்கிறார்: கனிமண்ணை உலையில் போட்டுச் சூடேற்றுவார்கள், மேலே இரும்புக் கம்பிவலை இருக்கும், எழும் புகை கம்பிகளில் படிந்து துத்தியா ஆகும். கண் மருந்தாகவும் அதன் பெயர் அப்போது பரவியிருந்தது.

எல்லாப் பாத்திரமும் ஒரே கலவையில் செய்யப்படவில்லை. வார்ப்புப் பொருட்களில் ஈயம் தாராளமாகச் சேர்ந்திருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஈயம் சேர்ந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் எளிதாக ஓடும், செலவும் குறையும். ஆனால் ஈயம் மிகுந்த கலவையைச் சுத்தியலால் அடித்தால் வெடித்துவிடும். ஆகவே தகட்டை அடித்துச் செய்யும் கூஜாக்களுக்கு ஈயம் குறைந்த பித்தளையைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமும் புழக்கத்தில் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 1200ஐ ஒட்டிய காலத்து 'வெஸ்கோவாலி கலசம்' அப்படிப்பட்ட வெண்கலத்தில் செய்து வெள்ளி இழைத்தது.

அதே அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த குராசானியக் கூஜா ஒன்று உண்டு. அதன் உடல் பட்டை பட்டையாக மடிந்து ஏறுகிறது. சிங்கங்களும் பறவைகளும் அதில் புடைத்து நிற்கின்றன. அவை தனியாக வார்த்து ஒட்டப்பட்டவை இல்லை, உடலின் தகட்டையே அடித்து வெளியே தள்ளியவை. அடிக்க அடிக்க உலோகம் இறுகும். இறுகினால் மீண்டும் சூடேற்றி இளக்க வேண்டும். எத்தனை முறை அந்தத் தகடு உலைக்குள் போய்வந்திருக்கும் என்பதை இத்தொழில் அறிந்தவர்களால் கணிக்க முடியும். வெள்ளி இழைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உளியும் வெள்ளியும்

பற்றவைப்பு எதுவும் இல்லாமல் ஒரு உலோகத்தில் இன்னொன்றைப் பிடித்து நிற்கச் செய்வதுதான் இழைப்பு வேலையின் நுட்பம். கோடுகளுக்கு ஒரு முறை, பரப்புகளுக்கு இன்னொரு முறை.

கோடு இழைக்க, முதலில் உளியால் காடி வெட்டுவார்கள். காடியின் வாய் குறுகி, அடி சற்று அகன்றிருக்க வேண்டும். அதில் வெள்ளிக் கம்பியை வைத்து மெல்லத் தட்டினால், மென்மையான வெள்ளி பரவிக் காடியின் அடியை நிரப்பிக்கொள்ளும். பிறகு வெளியே வராது. பரப்பு இழைக்க, உருவத்தின் வெளிக்கோட்டை ஒட்டிப் பித்தளையை லேசாகக் குழித்து, விளிம்புகளைச் சாய்வாக உள்நோக்கி வெட்டுவார்கள். குழிந்த இடத்துக்கேற்பக் கத்தரித்த மெல்லிய வெள்ளித் தகட்டை அதில் பொருத்தி, ஓரங்களை விளிம்புக்கு அடியில் திணித்து, விளிம்பையே அதன் மீது அடித்து மடிப்பார்கள். பிறகு வெள்ளியின் மேல் கூரிய உளியால் கண், மூக்கு, ஆடை மடிப்பு, குதிரையின் பிடரி எல்லாம் கீறப்படும். இறுதியாகப் பின்னணியில் கருமையான ஒரு கலவையை நிரப்புவார்கள். பித்தளையின் மஞ்சள், வெள்ளியின் வெண்மை, செம்பின் சிவப்பு, பின்னணியின் கருமை என்று நான்கு நிறங்களில் பாத்திரம் ஒரு ஓவிய ஏடாகிவிடும்.

இன்று அருங்காட்சியகங்களில் இவை பெரும்பாலும் முழுமையாக இல்லை. வெள்ளி உதிர்ந்த இடங்களில் குழிந்த பித்தளையும், ஓரத்தில் பல்வரிசைபோன்ற உளித் தடங்களும் தெரிகின்றன. ஆய்வாளருக்கு அந்த வெற்றிடங்களே பாடப்புத்தகம். எந்தப் பட்டறை எப்படி உளி பிடித்தது என்பதை வெள்ளி இருக்கும் இடத்தைவிட உதிர்ந்த இடத்தில்தான் நன்றாகப் படிக்க முடியும். காலவரிசையில் பார்த்தால் தொடக்கத்தில் கம்பிகளும் சிறு துண்டுகளும்தான் மிகுதி; 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவங்களையே முழுதாக நிரப்பும் தகடுகள் வந்துவிடுகின்றன. இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பது ஹெர்மிடாஜிலுள்ள 1148ஆம் ஆண்டு எழுதுகோல் பெட்டி. குராசானின் இழைப்புப் பொருட்களில் காலம் குறிக்கப்பட்டவற்றுள் மூத்தது அதுதான்.

வெள்ளிப் பஞ்சம் என்ற வாதம்

பித்தளையை ஏன் இவ்வளவு பாடுபட்டு அலங்கரித்தார்கள்? நேரே வெள்ளியிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பழைய பதில் மதத் தடை. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் குடிப்பதையும் நபிமொழி விலக்குகிறது. ஆனால் செல்வர்கள் அந்த விலக்கை எல்லாக் காலத்திலும் மதிக்கவில்லை என்பதற்குக் கையில் கிடைத்திருக்கும் செல்ஜுக் சுல்தான்களின் காலத்து வெள்ளிப் பாத்திரங்களே சாட்சி. தடை அன்றும் இருந்தது, முன்னும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் திடீரென ஒரு கலை மலர்ந்ததை அது விளக்காது.

1970களில் ஆக்ஸ்போர்டின் ஜேம்ஸ் ஆலன் வேறொரு பதிலை முன்வைத்தார். 10ஆம் நூற்றாண்டில் சாமானித் அரச மரபு பஞ்ச்ஷீர் போன்ற சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டு திர்ஹம்களை அச்சிட்டுக் குவித்தது. அந்தக் காசுகள் வணிகர் வழியே ரஷ்யாவுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. அங்கே புதையல்களாக இன்றும் கிடைக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் அந்த ஊற்று வற்றியது. கிழக்கு இஸ்லாமிய நாடுகளில் வெள்ளிக் காசுகள் கலப்படமாகி, பிறகு அருகின. வெள்ளி கிடைக்காதபோது செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவை அதன் இடத்தைப் பிடித்தன என்பது ஆலனின் வாதம்.

வாதம் வலுவானது, ஆனால் முழுமையானதாக எனக்குத் தோன்றவில்லை. பஞ்சம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்குகிறது, இழைப்புக் கலை மலர்வதோ நூறாண்டுக்கு மேல் கழித்து. அடுத்து, 13ஆம் நூற்றாண்டில் வெள்ளி மீண்டும் புழக்கத்துக்கு வந்தபோது இக்கலை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வெள்ளியோடு பொன்னையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. மஹ்மூத் இப்னு சுன்குர் 1281இல் கையெழுத்திட்ட எழுதுகோல் பெட்டியில் பொன்னும் வெள்ளியும் இரண்டுமே இருக்கின்றன. பஞ்சம் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம்; உள்ளே வந்தவர்கள் வேறு காரணத்துக்காகவே தங்கினார்கள்.

அந்தக் காரணத்தை நகரங்களின் வரலாற்றில் தேட வேண்டும். 1153இல் ஓகுஸ் துருக்கியர் செல்ஜுக் சுல்தான் சஞ்சாரைச் சிறைப்பிடித்தார்கள், நிஷாப்பூர் சூறையாடப்பட்டது. ஹெராத் அந்த அழிவிலிருந்து பெருமளவு தப்பித்தது. பத்தாண்டுக்குள் போப்ரின்ஸ்கி வாளி அங்கே தயாராகிறது. பணமும் கைவினைஞர்களும் பாதுகாப்பான நகரத்தை நோக்கி நகர்ந்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை. 13ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் கஸ்வீனி, வெள்ளி இழைத்த பித்தளைப் பாத்திரங்களை ஹெராத்தின் சிறப்பாகவே குறிப்பிடுகிறார். அவை அங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின என்றும் சொல்கிறார்.

பெயர் இல்லாத உடைமையாளர்

ரிச்சர்ட் எட்டிங்ஹாசன் 1943இல் போப்ரின்ஸ்கி வாளியைப் பற்றி எழுதிய கட்டுரையில், அதை வாங்கியது யார் என்ற கேள்வியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அரசவைக்கு வெளியே, நகர வணிகர்களிடம் கலைக்கான ஆதரவு இருந்தது என்பதற்கு அந்த வாளி நேரடிச் சான்று. ஆனால் ஒரு வாளியை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. பெரிய சான்று வேறிடத்தில் இருக்கிறது.

குராசானின் பெரும்பாலான இழைப்புப் பாத்திரங்களில் உடைமையாளரின் பெயரே இல்லை. அரபு மொழியில் வாழ்த்துச் சொற்கள் மட்டும் வரிசையாக ஓடும்: பெருமை, வளம், ஆட்சி, நலம், மகிழ்ச்சி, நீண்ட ஆயுள் எல்லாம் இதன் உடைமையாளருக்கு உண்டாகட்டும் என்று. 'உடைமையாளருக்கு' என்ற சொல்லோடு வாசகம் முடிந்துவிடும். யார் வாங்கினாலும் பொருந்தும் வாழ்த்து இது. பட்டறை முன்கூட்டியே செய்து கடையில் வைத்திருந்த சரக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. வாங்குபவர் வருவார் என்ற நம்பிக்கை இல்லாமல் இத்தனை நாள் உழைப்பை ஒரு கூஜாவில் முடக்கிவைக்க எந்தப் பட்டறைக்காரரும் துணியமாட்டார். அந்த நம்பிக்கைதான் சந்தை.

சந்தை இருந்தால் போட்டி இருக்கும். போட்டி இருந்தால் விளம்பரம் இருக்கும். திபிலீசியில் உள்ள ஜார்ஜிய அருங்காட்சியகத்தின் கூஜா 1181-82இல் மஹ்மூத் இப்னு முஹம்மது அல்-ஹரவி செய்தது. அதன் மேல் பாரசீக மொழியில் ஒரு கவிதை பொறித்திருக்கிறார். இப்படியொரு கூஜாவை இன்று வேறெங்கும் காணமுடியாது என்பதும், இது ஹெராத்தில் செய்தது என்பதும் அதன் சாரம். நண்பனுக்குக் கொடுப்பவனுக்கு நன்மையையும் பகைவனுக்குக் கொடுப்பவனுக்குத் தீமையையும் அது வேண்டுகிறது. இது பரிசுப் பொருளாகவே கருதப்பட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. அரபு வாழ்த்து சம்பிரதாயம். பாரசீகக் கவிதையோ வாங்குபவரின் வீட்டு மொழியில் பேசும் கைவினைஞரின் குரல்.

அரசு அதிகாரிகளும் வாங்கினார்கள். வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ள எழுதுகோல் பெட்டி ஹிஜ்ரி 607இல், அதாவது 1210-11இல், ஷாஸி என்ற கலைஞர் மஜ்துல் முல்க் அல்-முஸஃப்பருக்காகச் செய்தது. எழுதுகோல் பெட்டி அமைச்சர் பதவியின் அடையாளம். அதில் பெயரும் பட்டங்களும் விரிவாக இருக்கின்றன. ஆனால் இங்கும் கலைஞர் தன் பெயரை விட்டுவிடவில்லை. வணிகர் ஆனாலும் அமைச்சர் ஆனாலும், செய்தவர் பெயர் பாத்திரத்தின் மதிப்பில் ஒரு பகுதியாகிவிட்டது என்பதை இந்தக் கையெழுத்துகள் காட்டுகின்றன.

ராசிகளும் கிரகங்களும்

வாங்கியவர்களுக்குப் பிடித்த படங்கள் எவை? விருந்தும் வேட்டையும் எங்கும் உண்டு. அவற்றுக்கு அடுத்து அதிகமாக வருவது வானம். வெஸ்கோவாலி கலசத்தின் உடலைச் சுற்றி 12 ராசிகளும் தனித்தனி வட்டங்களில் இருக்கின்றன. அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் அருங்காட்சியகத்திலுள்ள 'வேட் கிண்ணத்திலும்' ராசிகள் உண்டு. அதன் எழுத்துகளோ முழு மனித உருவங்களாகி ஓடியும் ஆடியும் வாசிப்பவரைத் திணறவைக்கின்றன.

ராசிகள் தம் அதிபதிகளோடு சேர்ந்தே வருவது இந்தப் படங்களின் சிறப்பு. சிம்மத்தின் முதுகில் சூரியன், கடகத்தின் கொடுக்குகளுக்கு இடையே சந்திரன். ஜாதகம் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரேக்கத்திலிருந்து இந்தியாவுக்கும், இரண்டிலிருந்தும் பாரசீகத்துக்கும் போன ஒரே சோதிட அறிவு இது. தனுசு ராசியைப் பாருங்கள்: வில்லாளி பின்னால் திரும்பி, தன் வால் நுனியில் வாய்பிளக்கும் பாம்பின் மேல் அம்பு தொடுக்கிறான். அந்தப் பாம்பு ஜவ்ஸஹர். கிரகணங்களுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட எட்டாவது கிரகம். இந்தியச் சோதிடத்தில் அதுவே ராகுவும் கேதுவும்.

வாழ்த்து வாசகத்தையும் வான மண்டலத்தையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். கிரகங்கள் தம் சொந்த வீட்டில், பலம் மிகுந்து நிற்கும் வானத்தைக் கையில் ஏந்துகிறார் உடைமையாளர். எழுத்து சொல்லால் கேட்ட நலத்தையே படம் உருவத்தால் கேட்கிறது.

1221க்குப் பின்

மங்கோலியப் படைகள் 1221இல் மெர்வை அழித்தன. ஹெராத் முதலில் பணிந்து, பிறகு கிளர்ந்தெழுந்ததால் 1222இல் அழிந்தது. ஷாஸியின் எழுதுகோல் பெட்டிக்கு உரியவர் மெர்வின் அமைச்சராக இருந்து 1221இல் கொல்லப்பட்டவரே என்று பொதுவாக அடையாளம் காணப்படுகிறார்.

இதற்குப் பின் ஈராக்கின் மோசுல் நகரம் இழைப்புக் கலையின் தலைநகராயிற்று. 1232இல் ஷுஜா இப்னு மனஆ அங்கே செய்த பிளாக்காஸ் கூஜா அதன் உச்சம். குராசானிலிருந்து ஓடிவந்த கைவினைஞர்கள் மோசுலில் குடியேறிக் கலையைத் தொடர்ந்தார்கள் என்ற கதை பல நூல்களில் வருகிறது. கதை சுவையானது, ஆனால் தேதி இடிக்கிறது. ஏதென்சின் பெனாகி அருங்காட்சியகத்தில், மோசுல்காரர் இஸ்மாயில் இப்னு வர்த் கையெழுத்திட்ட இழைப்புப் பெட்டி இருக்கிறது. அதன் ஆண்டு 1220. மெர்வும் ஹெராத்தும் வீழும் முன்பே மோசுலுக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. அகதிகள் வந்திருக்கலாம், ஆனால் கலையை அங்கு கொண்டுசேர்த்தது படையெடுப்பைவிட வணிகப் பாதைதான் என்று கொள்வதே பொருத்தம். ஹெராத்தில் செய்த வாளி ஸன்ஜான் பெயருடைய ஒருவரின் கைக்குப் போகும் உலகில், தொழில்நுட்பமும் சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்யும்.

ஈரானின் மேற்கிலும் தெற்கிலும் கலை மீண்டும் எழுந்தது. 1308-09இல் கரீமுத்தீன் ஷுகானி என்ற அமைச்சர் பிஸ்தாமி ஞானியின் அடக்கத்தலத்துக்குக் கொடுத்த பெரிய மெழுகுவர்த்தித் தண்டு இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 14ஆம் நூற்றாண்டு ஷீராஸின் பாத்திரங்களில் ஆட்சியாளரின் பட்டங்கள் நிறைந்தன. உருவங்கள் நீண்டு ஒல்லியாயின. அடுத்த நூற்றாண்டில் தைமூர் வழியினரின் ஹெராத் சிறு கூஜாக்களில் நுண்ணிய பொன், வெள்ளிக் கம்பிகளைக் கொடிகளாக ஓடவிட்டது. மனித உருவங்கள் மறைந்து பாரசீகக் கவிதைகள் இடம்பிடித்தன. 16ஆம் நூற்றாண்டில் சஃபவிகளின் காலத்தில் வெள்ளீயம் பூசிய செம்பில் செதுக்கும் வழக்கம் மேலோங்கி, இழைப்பு பின்னுக்குப் போயிற்று.

மிஞ்சியவை சொல்வது

ஒரு எச்சரிக்கையோடுதான் இந்தச் சான்றுகளைப் படிக்க வேண்டும். அக்கால ஈரானில் பொன், வெள்ளிப் பாத்திரங்களும் இருந்தன. ஆனால் பஞ்சமோ போரோ வந்தால் முதலில் உருகுவது அவைதான். இழைப்புப் பாத்திரத்தை உருக்கினால் கிடைப்பது ஒரு பிடி வெள்ளியும் சாதாரணப் பித்தளையும். அந்தப் பாடு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். விலை எடையில் இல்லாமல் வேலையில் இருந்ததே இவற்றைக் காப்பாற்றியது. அரசவை பயன்படுத்தியவற்றில் பெரும்பகுதி அழிந்து, நகரத்தார் பயன்படுத்தியவை மிஞ்சியிருக்கின்றன என்பதால், இக்காலக் கலை முழுவதும் வணிகர்களுடையதே என்று நாம் மிகைப்படுத்திவிடவும் கூடாது.

அப்படியிருந்தும் மிஞ்சியவற்றின் சாட்சி கனமானது. முன்கூட்டியே செய்துவைத்த சரக்கு, பெயரில்லாத வாழ்த்து, பெயருள்ள கைவினைஞர், பாத்திரத்தின் மேலேயே எழுதிய ஊர் விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இக்கலையைச் செல்ஜுக், இல்கானிய, தைமூரியக் கலை என்று அரச மரபுகளின் பெயரால் காலம் பிரித்து எழுதுவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. அந்தப் பிரிவினை அருங்காட்சியக அட்டைகளுக்கு வசதி, வரலாற்றுக்குப் போதாது. ஹெராத், மோசுல், ஷீராஸ் என்று பட்டறை நகரங்களையும் அவற்றின் சந்தைகளையும் வைத்துப் பிரித்தால்தான், உளி பிடித்தவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் உரிய இடம் இந்த வரலாற்றில் கிடைக்கும்.